பதினைந்து பேரில் ஒருவர்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில் முருங்கனைக் கடந்ததும் வலக்கைப் பக்கம் ஒரு மண்மேடு கூடவே வரத் தொடங்குகிறது. பஸ்ஸில் போகிறவருக்கு அது வெறும் மேடு. புல்லும் பற்றையும் மூடிய அதன்மேல் ஏறி நின்றால்தான் மறுபக்கம் கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர் என்பது தெரியும். சிங்களத்தில் இதற்கு யோத வெவ என்று பெயர். ஆங்கிலேயரும் ஜயன்ட்ஸ் டாங்க் என்றே எழுதினார்கள். இரண்டு பெயரிலும் ஓர் இராட்சதன் இருக்கிறான். தமிழ்ப் பெயரில் அவன் இல்லை. கட்டுக்கரை, அதாவது கட்டிய கரை. ஆட்கள் மண் சுமந்து, கொட்டி, மிதித்து இறுக்கிய வேலை என்பதை அந்தப் பெயர் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்தது என்பது மரபு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் 2016இல் இந்தப் பகுதியில் அகழ்ந்தபோது சுடுமண் உருவங்கள் பெருவாரியாகக் கிடைத்தன. இந்த மண்ணில் மனிதர் நெடுங்காலமாக வாழ்ந்து, வணங்கி, விதைத்து வந்திருக்கிறார்கள்.

குளத்துக்குத் தன் மழை மட்டும் போதாது. தேக்கம் என்ற இடத்தில் அருவியாற்றை மறித்துத் திருப்பி, வாய்க்கால் வழியே இங்கே தண்ணீர் கொண்டுவருகிறார்கள். இங்கிருந்து அது நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகுளங்களுக்கும், அவற்றின் கீழுள்ள இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கும் பிரிந்து போகிறது. காலபோகத்துக்கு மாரி மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சியது மட்டுந்தான். அதனால் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகம்பம் இந்த ஊர்களில் எல்லாரும் வாசிக்கிற புத்தகம். எத்தனை அடி நிற்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பேச முடியும். அந்தப் பேச்சு நடப்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில். அரசாங்க அதிபர் தலைமை வகிப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகளின் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். எந்தத் தேதியில் துருசு திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பை முடிப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை பங்கு, மாடுகளை என்றைக்குள் வயல்வெளியிலிருந்து அகற்றுவது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார்கள். தீர்மானித்தது நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எல்லாரையும் கட்டும், மீறியவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். சட்டமியற்றுவது என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால் கொழும்புக்குக் கூட்டிப்போவதைவிட இந்தக் கூட்டத்துக்குக் கூட்டிவருவேன்.

அந்தக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இலங்கையின் முதல் சட்டநிரூபண சபையைப் பார்த்தால் அது வெகு ஒல்லியாகத் தெரிகிறது. கோல்புறூக், கமரன் ஆணையாளர்களின் அறிக்கைகளின் பேரில் 1833இல் அமைந்த சபை அது. 15 பேரில் 9 பேர் தேசாதிபதியின் உத்தியோகத்தர். மிச்சம் 6 பேர் உத்தியோகப்பற்றற்றவர். அவர்களில் 3 பேர் ஐரோப்பியர். சிங்களவருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர். முஸ்லிம்களுக்கென்று ஆசனம் வந்தது 1889இல்தான். அதுவரை அவர்களுக்கும் தமிழ் உறுப்பினரே பேச வேண்டியவர். வாக்கெடுப்பு கிடையாது, தேசாதிபதி நியமிப்பார். முதல் தமிழ் உறுப்பினர் பருத்தித்துறைப் பக்கத்தவரான ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். 1835இல் அமர்ந்தவர் 1836இல் காலமானார். அவருக்குப் பின் 1838இல் அந்த ஆசனத்துக்கு வந்தவர் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி. 1845வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்து உறுப்பினரை ‘கைநாட்டு’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒன்பதுக்கு ஆறு என்று முன்கூட்டியே முடிந்த கணக்கில் ஒருவர் என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வி தவறான இடத்தில் தேடுகிறது. காசிச்செட்டி தம் மக்களைப் பிரதிநிதித்துவம் செய்த இடம் சபை மேசை அல்ல. அவர் எழுதிய பக்கங்களில்தான் அது நடந்தது. ஒரு நாட்டுக்குச் சட்டம் செய்யுமுன் அந்த நாடு எது, அதில் யார் இருக்கிறார்கள் என்று ஆள்பவருக்குச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்ட காலம் அது. அந்த வேலையை அவரளவுக்கு அன்று செய்த இலங்கையர் வேறு யாரும் இல்லை என்பது என் கணிப்பு.

கற்பிட்டி இந்தக் கரையின் தென் கோடி. கட்டுக்கரையிலிருந்து சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று கடலோரமாக இறங்கினால் வில்பத்துக் காட்டுக்கு அப்பால் புத்தளம் ஏரியும் கற்பிட்டித் தீபகற்பமும் வரும். கொழும்புச் செட்டிமார் குடும்பம் ஒன்றில் 1807இல் அங்கே பிறந்த காசிச்செட்டி, இளவயதிலேயே கற்பிட்டி நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார், பின்னர் புத்தளம் மணியகாரர். மொழிபெயர்ப்பாளர் வேலையைச் சின்னதாக எண்ணக் கூடாது. குமாரசுவாமி முதலியாரும் அதே வழியில் மேலே வந்தவர்தான். நீதிமன்றக் கூண்டில் நிற்கிற மீனவரும் உப்பளத் தொழிலாளியும் சொல்வதை, அவர்களின் பேச்சையே அறியாத ஒரு நீதவானுக்கு எடுத்துச் சொல்லுகிற வேலை. ஒரு சொல் பிசகினால் ஒரு குடும்பத்தின் காணி போய்விடும். பிறர் சொல்லை அது கெடாமல் இன்னொருவர் காதில் சேர்ப்பது என்ற பயிற்சி சட்டசபைக்குப் போகிறவருக்கு வேண்டிய முதல் பயிற்சி. அந்தப் பயிற்சியின் பெரிய விளைவு 1834இல் கோட்டே மிஷன் அச்சகத்தில் வெளியான சிலோன் கசற்றியர். அவருக்கு அப்போது வயது 27. இலங்கையின் மாவட்டம், ஊர், துறைமுகம், ஆறு, குளம் எல்லாவற்றையும் அகரவரிசையில் விவரித்த நூல் அது. தலைநகரிலிருந்து அனுப்பப்பட்ட அளவையாளர் எழுதியதல்ல, தீவின் ஒரு மூலையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிய ஒரு தமிழர் தொகுத்தது.

இந்த நூலை அரசியல் வேலை என்று சொல்வது மிகை என்று தோன்றலாம். அகராதி போன்ற ஒன்றில் அரசியல் எங்கே என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஆரம்பகாலச் சட்டசபை உறுப்பினர் ஒருவரை இங்கே நினைப்பது உதவும். தோமஸ் ஜெபர்சன் 1769இல் வேர்ஜீனியாக் குடியேற்றத்தின் சபையில் அமர்ந்தவர், சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். அவர் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே முழு நூல் அரசியல் தத்துவம் அல்ல. வேர்ஜீனியா பற்றிப் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலாக 1781இல் எழுதத் தொடங்கி 1785இல் பாரிஸில் அச்சிட்ட குறிப்புகள். எல்லை எது, ஆறுகள் எவை, எந்த ஆற்றில் எவ்வளவு தூரம் படகு போகும், மலைகள், விலங்குகள், குடிசனம், சட்டங்கள் என்று அந்த நூல் போகிறது. ஆற்றின் ஆழத்தையும் குடியரசையும் ஒரே நூலில் பேசுவதில் அவர் எந்த முரண்பாடும் காணவில்லை. அதே நூலில் அவர் அடிமைமுறையின் கேட்டையும் எழுதினார், அடிமைகளை வைத்தும் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருவருக்கும் இடையில் ஒரு வேற்றுமை பெரிது. ஜெபர்சனைச் சொத்துள்ள வெள்ளை ஆண்களாவது தேர்ந்தெடுத்தார்கள். காசிச்செட்டிக்கு அந்தச் சிறிய வாக்காளர் கூட்டம்கூட இல்லை. ஆகவே அவருக்கு நூல் இன்னும் அவசியமாயிற்று. பின்னால் ஆட்கள் நிற்காதவன் கையில் தகவலாவது இருக்க வேண்டும்.

மன்னார்க் கடலுக்குத் திரும்பினால் இது இன்னும் தெளிவாகும். கட்டுக்கரைக்குத் தெற்கே அரிப்பில் கடல் அரித்துப் பாதி சரிந்த கட்டடம் ஒன்று நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை, டொறிக் என்பது அதன் பெயர். செம்மண் மேட்டுக்கு நேர் கீழே அலை. சுவரின் செங்கல் இடையில் சிப்பி ஓடு கலந்த சாந்து இன்னும் கையில் உதிர்கிறது. முத்துச் சலாபம் நடந்த பருவங்களில் இந்த வெறுங்கரை ஆயிரக்கணக்கானோர் கூடும் நகரமாகும், முடிந்ததும் மறுபடி வெறுங்கரை. அரசாங்கத்துக்கு இந்தக் கடல் வருமானப் பத்திரத்தில் ஒரு வரி. காசிச்செட்டிக்கு அது மனிதர். சபைக்குப் போவதற்கு முந்திய ஆண்டு, 1837இல், பரவர் சமூகத்தின் தோற்றமும் வரலாறும் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் றோயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வந்தது. முக்குவரின் வழக்கங்களைப் பற்றியும், இலங்கைச் சோனகரின் வழக்கங்களைப் பற்றியும் எழுதினார். இந்தக் கரையில் மூச்சை அடக்கிக் கடலில் இறங்கிய மக்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி மணம் செய்கிறார்கள், சொத்து யாருக்குப் போகிறது என்று அவர்களை ஆண்டவர்களின் தலைநகரில் அச்சில் வைத்தவர் அவர்.

விதி வேறு கணக்குப் போட்டது. 1837உடன் சிப்பிப் பார்கள் வறண்டன. அடுத்த சலாபம் நடந்தது 1855இல். காசிச்செட்டி சபையில் இருந்த ஏழு ஆண்டும் மன்னார்க் கரைக்கு வெறும் ஆண்டுகள். அதே ஆண்டுகளில் மலைநாட்டில் கோப்பி பொங்கியது. அரசாங்கத்தின் பார்வையும் பணமும் அங்கே ஏறிவிட்டன. கடலோரத்துக்கும் வன்னிக்கும் பேசுகிறவரின் கையில் வருமானம் என்ற துருப்பும் இல்லாமல் போயிற்று.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் வருகிறது. அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியது என்று கொள்ளும் சட்டம் அது. கோப்பித் தோட்டங்களுக்குக் காணி விற்க வழிதிறந்தது. காணி வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தார்கள், அதாவது சட்டத்துக்குக் கைதூக்கிய வர்க்கத்தாரே. கசற்றியரில் ஒவ்வோர் ஊரையும் எழுதிவைத்த மனிதர் இருந்த சபையில் ஊர்ப் பொதுக்காடுகள் கைமாறும் சட்டம் வந்தது என்றால், அவர் அறிவால் யாருக்குப் பயன்? இந்த ஆட்சேபத்தை மெழுகிப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தச் சட்டம் பல ஊர்களை வறுமையாக்கியது. ஆனால் ஒன்பது உத்தியோகத்தரும் தேசாதிபதியின் பக்கம் வாக்களிக்கக் கடமைப்பட்ட சபையில் ஓர் ஆசனம் அதைத் தடுத்திருக்க முடியாது. அந்தத் தோல்வி அமைப்பினுடையது. தனியாளின் கணக்கில் அதை முழுதாக எழுதுவது, அந்த அமைப்பைத் தப்பவிடுவதாகும். அதே ஏழு ஆண்டின் முடிவருகே, 1844இல், அடிமைமுறை முற்றாக ஒழிந்ததும் இதே சபையில்தான். நல்லதோ கெட்டதோ, முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டு அங்கே வந்து முத்திரை பெற்றது. எனவே அவரை அளக்க வாக்குப்பதிவு உதவாது.

அறிவு இல்லாமல் செய்த சட்டம் என்ன செய்யும் என்பதற்குக் குளங்களைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போனது நியாயமே, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் குளக்கட்டுக்கு மண்போடுவதும், வாய்க்கால் செதுக்குவதும், வேலி அடைப்பதும் அதே ஊழியக் கட்டுக்குள் இருந்தன என்பதைக் கணக்கிலெடுக்காமல் கட்டை அவிழ்த்தார்கள். கூடிச் செய்ய வேண்டிய வேலைக்கு வராதவனை வரச்சொல்ல யாருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று. சிறுகுளங்கள் ஒன்றொன்றாக உடைந்தன. அரசாங்கம் விழித்துக்கொள்ள இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரவர் கூடித் தங்கள் பழைய வழக்கங்களை எழுதிக் கொடுத்தால் அவற்றுக்குச் சட்ட வலு உண்டு என்றது. அதன் வெற்றிக்கு அதுவே காரணம். உயிலங்குளத்திலும் முருங்கனிலும் இன்று கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் சட்டத் தாய் அது. ஊர்களையும் வழக்கங்களையும் ஒருவர் கேட்டு எழுதிவைப்பது ஆட்சிக்கு அத்தியாவசியம் என்று 1834இல் காசிச்செட்டி காட்டியதை, சட்டம் 1856இல் ஏற்றது.

கட்டுக்கரைக்கே வந்தால், உடைந்து காடேறிக் கிடந்த இந்தக் குளத்தைப் பற்றி எமர்சன் டெனன்ட் தமது புகழ்பெற்ற இலங்கை நூலில் ஒரு தீர்ப்புச் சொன்னார். கட்டியவர்கள் மட்டம் பிழைத்துவிட்டார்கள், ஆற்று நீர் வந்து ஏறாது, அதனால் குளம் பயன்படாமலே போனது என்பது அந்தத் தீர்ப்பு. அவர் காசிச்செட்டி சபையைவிட்டு விலகிய 1845இலேயே குடியேற்ற நாட்டுச் செயலாளராகக் கொழும்பில் இறங்கியவர். பெரிய படிப்பாளி, உழைப்பாளி, அவர் நூல் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் இந்தத் தீர்ப்பு பிழை. பின்னர் நீர்ப்பாசன உத்தியோகத்தர் ஹென்றி பார்க்கர் போன்றோர் பழைய வாய்க்காலையும் அணையையும் நேரில் நடந்து அளந்து பார்த்தபோது மட்டம் சரியென்று தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் குளம் மீண்டும் கட்டப்பட்டது. மறுப்பு வேண்டியவர் மாரியில் தேக்கத்துக்குப் போனால் போதும். பழைய அணைக்கல்லின் மேலாகச் செந்நிற வெள்ளம் விழுந்து நுரைக்கிறது, பக்கத்து வாய்க்கால் வாயில் அது நிதானப்பட்டுக் கட்டுக்கரைப் பக்கம் திரும்புகிறது. எழுத்தில் முடியாது என்று சொன்ன திசையில்தான் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. டெனன்டின் நூல் வெளியான ஆண்டு 1859. காசிச்செட்டியின் தமிழ் புளூட்டாக் வெளியானதும் அதே 1859, யாழ்ப்பாணத்தில். ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை அகரவரிசையில் தந்த நூல் அது. அதே வேலையைத் தமிழில் செய்த சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் வர இன்னும் 27 ஆண்டு இருந்தது.

ஆங்கிலத்தில் எழுதினார் என்பது அடுத்த குறை. தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தமிழர் படிக்கத் தமிழில் எழுதாமல் துரைமாருக்கு எழுதினார் என்பார்கள். குறையில் உண்மை உண்டு. அந்த நூல்களால் மன்னார்க் கமக்காரர் ஒருவருக்கும் நேரடிப் பயன் இல்லை. ஆனால் தீர்மானிப்பவர் எந்த மொழியில் தீர்மானிக்கிறாரோ அந்த மொழியில் சாட்சி சொல்லாவிட்டால் சாட்சி பதிவாகாது என்பதை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழருக்கு இலக்கியம் உண்டு, வரலாறு உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது தமிழருக்கு அல்ல. தகவல் வரி வாங்கவும் உதவும் என்றும் சொல்வார்கள். உதவியிருக்கும். குளத்தின் கொள்ளளவு தெரிந்தால் பங்கும் வைக்கலாம், வரியும் போடலாம். ஆனால் அளக்கப்படாத குளத்துக்கு வரி இல்லை என்பதோடு திருத்தப் பணமும் இல்லை. கட்டுக்கரை நூற்றாண்டுக் கணக்கில் உடைந்து கிடந்தது அதை யாரும் எழுதியதால் அல்ல.

எனக்கே முழுதாக விடைசொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. 1845இல் அவர் ஆசனத்தை விட்டது அரச சேவைக்குப் போவதற்காக. சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர்களில் ஒருவரானார், பிறகு சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்து 1860இல் காலமானார். மக்கள் தந்த ஆசனமாக இருந்திருந்தால் அதைச் சம்பளத்துக்காக விட்டிருக்க முடியாது, விட்டால் கேட்க ஆள் இருந்திருக்கும். நியமனத்தின் உள்ளார்ந்த பலவீனம் இது. உறுப்பினர் எவ்வளவு கற்றவராக இருந்தாலும் அவர் பதில்சொல்ல வேண்டியது மேலே உள்ளவருக்கே. மன்னார்–முல்லைத்தீவு என்று ஒரு தொகுதியின் பெயரோடு இந்த மக்கள் வாக்குச் சீட்டைப் பார்த்தது 1931இல், சர்வசன வாக்குரிமை வந்தபோது. 1947இல் மன்னாரின் முதல் பாராளுமன்ற உறுப்பினரான சி. சிற்றம்பலம் சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் தபால் மந்திரியானார். அந்தத் தொகுதி வாக்காளர் 1952இல் அவரைத் தோற்கடித்தார்கள். மந்திரியை வீட்டுக்கு அனுப்பிய அந்த அதிகாரம் காசிச்செட்டியின் காலத்து மன்னாருக்குக் கிடைக்கவில்லை. அறிவு வாக்குக்கு ஈடாகாது. ஆனால் வாக்கு வந்தபின் அறிவு வேண்டாம் என்றும் ஆகிவிடாது. ஊர்ப்பெயர்கூடச் சரியாகத் தெரியாத பிரதிநிதிகளை வாக்கும் அனுப்பத்தான் செய்கிறது.

இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதைக் காண்பதற்காகவாவது சிறுபோகக் கூட்டக் காலத்தில் கட்டுக்கரைப் பக்கம் வர வேண்டும். பொறியியலாளர் அடிக்கணக்கைச் சொல்வார். பின்வரிசையில் இருக்கும் வயதான கமக்காரர் ஒருவர் எழுந்து, அளவுகம்பம் காட்டுவது சரி, ஆனால் அலைகரைப் பக்கம் மண் நிரம்பிவிட்டது, அந்த அடிக்கு அந்தத் தண்ணீர் இப்போது இல்லை என்று சொல்லக்கூடும். அப்போது தாளில் போட்ட ஏக்கர்க் கணக்கு மறுபடி பேசப்படும். கடைமடைச் சிறுகுளத்துக்காரர் தங்கள் முறை போனமுறையே தவறியது என்பார்கள். மேட்டு வாய்க்கால்காரர் மறுப்பார்கள். மாடு வளர்ப்பவர் மேய்ச்சலுக்கு எங்கே போவது என்று கேட்பார். யுத்தகாலத்தில் இந்த ஊர்கள் காலியாகி, வாய்க்கால்கள் தூர்ந்து, 2009க்குப் பின் திரும்பி வந்தவர்கள் முதலில் கூட்டிய கூட்டங்களில் இவையும் உண்டு. கடைசியில் தேதி எழுதப்படும். அந்தத் தேதியில் விடியற்காலை துருசுக்காரர் இரும்புச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுவார். தண்டு ஒரு சாண் மேலெழும்போது கட்டின் அடியில் கல்வாயிலிருந்து நீர் பாசிமணத்தோடு வெளியே தள்ளிக்கொண்டு வரும். வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நிற்பவர்கள் அது தங்கள் கிளைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்குப் பார்த்தபடி நிற்பார்கள்.